அமெரிக்கச் சாலைப் பயணத்துக்குக் கொஞ்சம் கிறுக்கான வரலாற்றுப் புத்தகங்கள்

கேள்வி: "அமெரிக்காவில் குடும்பத்தோடு காரில் நீண்ட பயணம் போகப் போகிறோம். சுற்றுலாக் கையேடு வேண்டாம். வழியில் வரும் ஊர்களின் விசித்திரமான வரலாற்றைச் சொல்லும், அதிகம் பேசப்படாத புத்தகங்கள் இருந்தால் சொல்லுங்கள்."

நிறையவே இருக்கின்றன. ஆனால் எதை வாங்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'விசித்திர அமெரிக்கா' என்ற ரீதியில் தலையணை கனத்தில் தொகுப்பு நூல்கள் வரும். பக்கத்துக்கு இரண்டு அதிசயம், பளபளப்பான படம். கன்சாஸ் மாநிலத்துக் கோக்கர் சிட்டியில் ராட்சதச் சணல் உருண்டை, அடுத்த பக்கத்தில் பேய் வீடு, அதற்கடுத்து லாரி நீளத்துக்கு ஒரு மீன் சிலை. வீட்டில் சோபாவில் சாய்ந்து புரட்டுவதற்குச் சரி. காரில் படித்தால் அரை மணி நேரத்தில் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பி, மனதில் எதுவும் நிற்காது.

ஒரு உதாரணம். அரிசோனாவில் இன்டர்ஸ்டேட் 10-ஐ ஒட்டி குவார்ட்ஸைட் என்று ஒரு பாலைவன ஊர். அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் ஒரு சின்னப் பிரமிடு, அதன் உச்சியில் உலோக ஒட்டகம். தொகுப்பு நூல்கள் படத்தைப் போட்டு, 'ஹை ஜாலி' என்ற ஒட்டகக்காரரின் சமாதி என்று ஒரு வரியில் முடித்துவிடும். அரிசோனாவுக்கு ஒட்டகம் ஏன் வந்தது என்பதில்தானே சுவாரசியம்? ரயில் இல்லாத தென்மேற்குப் பாலைவனத்தில் ராணுவச் சரக்கைச் சுமக்க ஒட்டகம்தான் லாயக்கு என்று அன்றைய போர்த்துறைச் செயலர் ஜெஃபர்சன் டேவிஸ் விடாமல் வாதாடினார். 1855-ல் அமெரிக்க காங்கிரஸ் 30,000 டாலர் ஒதுக்கியது. மறு வருஷம் டெக்சாஸ் கடற்கரையில் இண்டியனோலா துறைமுகத்தில் ஒட்டகங்கள் வந்து இறங்கின. கூடவே வந்த ஒட்டகக்காரர்களில் ஒருவர்தான் ஹாஜி அலி என்ற இந்த ஹை ஜாலி. ஒட்டகங்கள் வேலையை நன்றாகவே செய்தன. ஆனால் அதற்குள் உள்நாட்டுப் போர் வந்துவிட்டது. டேவிஸ் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கு ஜனாதிபதி ஆகிவிட்டார். அப்புறம் அவர் கொண்டுவந்த ஒட்டகத்தை யார் சீண்டுவார்கள்? விற்றது போக மிஞ்சியவை பாலைவனத்தில் திரிந்தன. ஹாஜி அலி 1902-ல் இறந்தார். பிரமிடைக் கட்டியது 1935-ல், மாநில நெடுஞ்சாலைத் துறை. இண்டியனோலா துறைமுகத்தை 1875, 1886 புயல்கள் இரண்டும் சேர்ந்து இல்லாமலே ஆக்கிவிட்டன.

இவ்வளவு கதையையும் ஒரு படத்துக்குக் கீழே இரண்டு வரியில் அடைத்தால் மிஞ்சுவது "அட, ஒட்டகம்!" மட்டும்தான். அதனால் சாலைக்கு நான் புத்தகம் எடுக்கும்போது பார்ப்பது ஒன்றே ஒன்று: எழுதியவர் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை விடாமல் துரத்துகிறாரா? அப்படிப்பட்ட ஆளோடு ஐந்நூறு மைல் போகலாம்.

அந்த வகையில் என் முதல் சிபாரிசு சாரா வவல் எழுதிய 'அசாசினேஷன் வெகேஷன்'. 2005-ல் வந்தது. லிங்கன், கார்ஃபீல்ட், மக்கின்லி என்று சுட்டுக் கொல்லப்பட்ட மூன்று ஜனாதிபதிகள் தொடர்பான இடங்களையெல்லாம் தேடித்தேடிப் போவதுதான் புத்தகம். விடுமுறைக்கு எல்லோரும் கடற்கரைக்குப் போனால் இவர் எலும்புத் துண்டு வைத்திருக்கும் மருத்துவ அருங்காட்சியகத்துக்குப் போகிறார். இத்தனைக்கும் அவர் கார் ஓட்டுவதில்லை. பாவம், சகோதரியும் நண்பர்களும் ஓட்ட வேண்டியிருக்கிறது. கொலைகளைப் பற்றிய புத்தகம் இவ்வளவு சிரிப்பு மூட்டலாமா என்று சில இடங்களில் தோன்றும். மூட்டுகிறது, என்ன செய்வது.

லிங்கனைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது கார்ஃபீல்ட் பகுதி. 1881 ஜூலை 2-ல் வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அவரைச் சார்லஸ் கிட்டோ என்பவன் சுட்டான். குண்டு பட்ட உடனே அவர் சாகவில்லை. டாக்டர்கள் கழுவாத விரலை விட்டுக் குண்டைத் தேடித் தேடியே புண்ணைச் சீழ்பிடிக்க வைத்தார்கள். தொலைபேசி கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் உலோகத்தைக் கண்டறியும் கருவி ஒன்றை அவசரமாகச் செய்து கொண்டுவந்தார். அதுவும் குண்டைக் காட்டவில்லை. கட்டிலில் இருந்த உலோகச் சுருள்கள் கருவியைக் குழப்பிவிட்டன என்பார்கள். செப்டம்பர் 19-ல் கார்ஃபீல்ட் போய்ச் சேர்ந்தார். சுடப்பட்ட ரயில் நிலையம் இருந்த இடத்தில் இப்போது நிற்பது தேசிய ஓவியக் கூடம். தினமும் எத்தனையோ பேர் ஓவியம் பார்க்க அதற்குள் போகிறார்கள்.

சுட்டவன் கதை இன்னும் விசேஷம். நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் ஒனைடா என்று ஒரு சமூகக் குடியிருப்பு இருந்தது. சொத்து பொது; கணவன் மனைவி என்ற தனி உறவும் கிடையாது, எல்லோருக்கும் எல்லோரும் என்பது அவர்கள் மதக் கொள்கை. கிட்டோ அங்கே சில வருஷம் இருந்தான். அப்படிப்பட்ட இடத்திலேயே அவனை யாரும் கிட்டச் சேர்க்கவில்லை! கார்ஃபீல்ட் சுடப்பட்ட அதே 1881-ல் அந்தச் சமூகம் கலைந்து பங்கு நிறுவனமாக மாறியது. பின்னாளில் ஸ்பூனும் முள்கரண்டியும் செய்வதில் பெரிய பெயர் எடுத்தது. அவர்கள் கூடி வாழ்ந்த மாளிகை இன்னும் இருக்கிறது. அருங்காட்சியகம், தங்க அறையும் உண்டு. நயாகரா போகிறவர்கள் நியூயார்க் த்ரூவே வழியாகத்தான் பெரும்பாலும் போவார்கள்; கொஞ்சம் விலகினால் ஒனைடா வந்துவிடும்.

லிங்கனின் மகன் ராபர்ட் விஷயமும் இதில் வருகிறது. அப்பா இறக்கும்போது படுக்கையருகில் இருந்தார். கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது அமைச்சராக அதே ரயில் நிலையத்தில் இருந்தார். 1901-ல் பஃபலோ கண்காட்சியில் மக்கின்லி சுடப்பட்ட அன்று இவர் பஃபலோ வந்து ரயில் இறங்குகிறார். நம் ஊராக இருந்தால் அதற்கப்புறம் எந்த நல்ல காரியத்துக்கும் அழைத்திருக்க மாட்டார்கள்.

ஃபுளோரிடாவின் தென்கோடியான கீ வெஸ்ட் வரை போகிறீர்கள் என்றால் இந்தப் புத்தகம் கட்டாயம். அங்கிருந்து சுமார் 70 மைல் கடலுக்குள் ஜெஃபர்சன் கோட்டை இருக்கிறது. படகிலோ கடல் விமானத்திலோதான் போக முடியும். லிங்கனைச் சுட்டவனின் உடைந்த காலுக்குக் கட்டுப்போட்ட டாக்டர் சாமுவேல் மட் அங்கேதான் சிறை வைக்கப்பட்டார். 1867-ல் கோட்டையில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது கைதியாக இருந்துகொண்டே வைத்தியம் பார்த்தார். 1869-ல் மன்னிப்புக் கிடைத்தது.

அடுத்தது ஜேம்ஸ் லோவனின் 'லைஸ் அக்ராஸ் அமெரிக்கா', 1999. இது வேறு மாதிரி ஆள். சாலையோரம் நிற்கும் நினைவுப் பலகைகள், சிலைகள், பழைய வீடுகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இதில் எது பொய், எதை மறைத்தார்கள் என்று பிரித்துப் போடுகிறார். அமெரிக்க வரலாற்றை வழக்கமாகக் கிழக்கில் தொடங்கி மேற்கே கொண்டுபோவார்கள். இவர் வேண்டுமென்றே மேற்கில் தொடங்குகிறார். முதல் அத்தியாயம் அலாஸ்காவின் டெனாலி சிகரம். அலாஸ்கா பக்கம் தலைவைத்தும் படுக்காத மக்கின்லியின் பெயரை அதற்கு வைத்த கூத்தைத்தான் முதலில் பிடிக்கிறார். 2015-ல் அதை டெனாலி என்று மாற்றினார்கள். 2025 ஜனவரியில் ட்ரம்ப் திரும்ப மக்கின்லி ஆக்கினார். லோவன் 2021-ல் இறந்துவிட்டார். இருந்திருந்தால் அந்த அத்தியாயத்தை மறுபடி எழுத வேண்டி வந்திருக்கும்.

இவர் சொல்லும் முக்கியமான விஷயம்: ஒரு நினைவுச் சின்னத்தில் இரண்டு காலம் இருக்கிறது. சம்பவம் நடந்த காலம் ஒன்று, கல்லை நட்ட காலம் இன்னொன்று. நட்டது யார், எந்த வருஷம், யார் பணம் என்று கேட்டால் பாதிக் கதை வெளியே வந்துவிடும். உள்நாட்டுப் போர் முடிந்தது 1865-ல். தென் மாநிலங்களில் இருக்கும் தளபதி சிலைகளில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் கழித்து, கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பிடுங்கிய காலத்தில் எழுந்தவை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எந்த ஊரில் எந்தச் சிலையைப் பார்த்தாலும் முதலில் பீடத்தில் வருஷத்தைத் தேடத் தோன்றும். எங்கள் வீட்டில் இப்போது பிள்ளைகளே போய்ப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

கென்டக்கியில் ஹாட்ஜன்வில் அருகே லிங்கன் பிறந்த இடம் இருக்கிறது. 56 படி ஏற வேண்டும். அவர் வாழ்ந்தது 56 வருஷம், அதற்காக. மேலே 1911-ல் திறந்த பெரிய கல் மண்டபம், கிரேக்கக் கோயில் பாணியில். அதற்குள்ளே ஒரு மரக்கட்டைக் குடிசை. பார்த்தால் மெய்சிலிர்க்கும். சிக்கல் என்னவென்றால், குடிசை லிங்கன் பிறந்தது அல்ல. 1890களில் அந்த நிலத்தை வாங்கிய ஒரு தொழிலதிபர் பக்கத்தில் கிடைத்த பழைய கட்டைகளை வைத்துக் கட்டியது. ஊர் ஊராகக் காட்சிக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைத்தபோது மண்டபத்துக்குள் ஆட்கள் நடக்க இடம் போதவில்லை என்று குடிசையையே வெட்டிச் சின்னதாக்கினார்கள். பின்னால் மர வளையங்களைச் சோதித்ததில் கட்டைகள் 1840களைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. லிங்கன் பிறந்தது 1809. தேசியப் பூங்காத் துறையும் இப்போது அதை 'அடையாளக் குடிசை' என்றுதான் சொல்கிறது. லோவனைப் படித்துவிட்டுப் போனால் குடிசையைவிட அதைச் சுற்றிக் கட்டிய மண்டபம்தான் அதிசயமாகத் தெரியும். இதில் 2019-ல் வந்த புதுப்பித்த பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

காசே செலவழிக்காமல் படிக்க ஒரு வழி இருக்கிறது. 1930களின் பெருமந்தத்தில் ரூஸ்வெல்ட் அரசு வேலையில்லாத எழுத்தாளர்களுக்குச் சம்பளம் கொடுத்து ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வழிகாட்டி எழுத வைத்தது. ஐடஹோ மாநில நூல் 1937 தொடக்கத்தில் முதலாவதாக வந்தது. ஃபுளோரிடாவுக்காக உழைத்தவர்களில் நாவலாசிரியை ஜோரா நீல் ஹர்ஸ்டனும் ஒருவர். மைல் கணக்குப் போட்டு, இந்த ஊர், அடுத்து ஒரு பாழடைந்த ஆலை, அடுத்து ஒரு கொலை நடந்த பாலம் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். அரசாங்க வெளியீடு என்றே சொல்ல முடியாது, அவ்வளவு ஊர் வம்பு. பல தொகுதிகள் இணைய ஆவணக் காப்பகங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் போகும் மாநிலத்து நூலில் 'டூர்' என்ற பகுதியை மட்டும் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். பழைய நெடுஞ்சாலை எண்கள் பல இடங்களில் இன்னும் அப்படியே இருப்பதால் ஒப்பிட்டுக்கொண்டே போகலாம்.

அவை எழுதப்பட்ட அதே வருஷங்களில் இன்னொரு வழிகாட்டியும் வெளிவந்துகொண்டிருந்தது. ஹார்லெமில் வாழ்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936-ல் தொடங்கிய 'நீக்ரோ மோட்டாரிஸ்ட் கிரீன் புக்'. கறுப்பினத்தவர் எந்த ஊரில் எந்த விடுதியில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று சொல்லும் மெல்லிய பட்டியல். இதன் பெயரில் வந்த படம் ஆஸ்கர் வாங்கியது; புத்தகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. நியூயார்க் பொது நூலகம் பல ஆண்டுப் பதிப்புகளை இணையத்தில் போட்டிருக்கிறது. உங்கள் வழியிலுள்ள ஊரை அதில் தேடுங்கள். சில ஊர்களுக்கு ஒரே ஒரு முகவரி இருக்கும், பல ஊர்களுக்கு ஒன்றுமே இருக்காது. அரசு வழிகாட்டி வர்ணிக்கும் அதே சாலையில் ராத்தங்க இடமில்லாமல் விடிய விடிய ஓட்டியிருக்கிறார்கள். மெம்ஃபிஸில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட லோரெய்ன் மோட்டல் இந்தப் பட்டியலில் இருந்த விடுதி. இப்போது அது குடிமை உரிமைப் போராட்ட அருங்காட்சியகம். பெரிய பிள்ளைகள் இருந்தால் மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

டெக்சாஸ் பக்கம் வருகிறீர்களா? சான் அன்டோனியோவிலிருந்து பிக் பெண்ட் பூங்காவுக்கு யு.எஸ். 90 வழியாகப் போகிறவர்களுக்கென்றே எழுதினாற்போல ஒரு புத்தகம், போப் பிராக்கின் 'சார்லட்டன்'. 2008. கதாநாயகன் ஜான் பிரிங்க்லி என்ற போலி வைத்தியர். கன்சாஸில் மில்ஃபோர்ட் என்ற குட்டி ஊரில், ஆண்மைக் குறைவுக்கு ஆட்டின் விரைச் சதையை மனிதனுக்குள் வைத்துத் தைப்பதுதான் அவர் சிகிச்சை. நம்ப முடிகிறதா? கூட்டம் அலைமோதியது. சொந்தமாக வானொலி நிலையம் வைத்து அதிலேயே நோயாளிகளின் கடிதத்தைப் படித்து மருந்து சொன்னார். 1930-ல் மருத்துவ உரிமத்தைப் பறித்தார்கள். மனுஷன் அசரவில்லை, ஆளுநர் தேர்தலில் குதித்தார்! வாக்குச்சீட்டில் பெயரே இல்லை. மக்கள் கையால் எழுதிப் போட வேண்டும். அப்படியும் 1,80,000-க்கு மேல் வாக்கு. எழுத்துப் பிழை என்று தள்ளிய சீட்டுகளையும் எண்ணியிருந்தால் ஜெயித்திருப்பார் என்று பேச்சு.

அப்புறம் டெக்சாஸ் எல்லையில் டெல் ரியோவுக்குக் கடையைக் கட்டினார். ஆற்றுக்கு அக்கரை மெக்சிகோ. அமெரிக்கச் சட்டம் செல்லாது. அங்கே, அமெரிக்காவில் அனுமதித்த சக்தியைப் போலப் பல மடங்கில் ஒரு ஒலிபரப்பு நிலையம். ஆட்டு வைத்திய விளம்பரத்துக்கு நடுவே நாட்டுப்புறப் பாட்டு. 'கார்ட்டர் குடும்பம்' என்ற பாட்டுக் குழுவின் பாடல்கள் நாடு முழுக்க வீடுகளுக்குள் போனதில் இந்த எல்லை வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு. கடைசியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மாரிஸ் ஃபிஷ்பைன் தன்னைப் போலி வைத்தியன் என்று எழுதியதற்கு இவரே மானநஷ்ட வழக்குப் போட்டு, 1939-ல் தோற்று, திவாலாகி, 1942-ல் இறந்தார். சும்மா இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம். அவர் கட்டிய மாளிகை டெல் ரியோவில் இன்னும் இருக்கிறது, சாலையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். அதே 90-ல் இன்னும் மேற்கே போனால் லாங்ட்ரி. சாராயக் கடையையே நீதிமன்றமாக நடத்திய ராய் பீன் என்ற நீதிபதியின் ஊர். அவரைப் பற்றிப் புத்தகம் வேண்டியதில்லை. அந்தக் கடை அப்படியே இருக்கிறது, மாநிலப் பயணிகள் மையத்தில் கேட்டால் எல்லாம் சொல்வார்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிகாகோவிலிருந்து ஸ்டார்வ்டு ராக் பூங்காவுக்குப் போகிறவர்கள் கேட் மூர் எழுதிய 'ரேடியம் கேர்ள்ஸ்' படியுங்கள். கடிகார முகப்பில் ரேடியம் வண்ணம் தீட்ட, தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிப் பெண்களைச் சாகடித்த கதை. பக்கத்து ஊர் ஆட்டவாவில் அவர்களுக்குச் சிலை இருக்கிறது. பாஸ்டன் என்றால் ஸ்டீபன் புலியோவின் 'டார்க் டைட்'. 1919 ஜனவரி 15-ல், 50 அடி உயரச் சர்க்கரைப்பாகுத் தொட்டி வெடித்து, அந்தப் பாகு வெள்ளத்தில் 21 பேர் இறந்தார்கள். தொட்டி ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருந்தது. நிறுவனம் ஒழுக்கு தெரியாமலிருக்கப் பழுப்புச் சாயம் அடித்தது. வெடித்த பிறகு குண்டு வைத்துவிட்டார்கள் என்று பழியை வேறு பக்கம் தள்ளப் பார்த்தது. அந்த இடத்தில் இப்போது இருப்பது ஒரு சின்னப் பலகை. விஸ்கான்சினில் பிளாக் ரிவர் ஃபால்ஸ் ஊரைப் பற்றி மைக்கேல் லெசி தொகுத்த 'விஸ்கான்சின் டெத் ட்ரிப்' பெரும்பாலும் 1890களின் புகைப்படங்களும் பத்திரிகைத் துணுக்குகளும்தான். அற்புதமான புத்தகம்தான், ஆனால் மோட்டலில் ராத்திரி படிக்காதீர்கள், தூக்கம் வராது.

நியூ ஹேவன் வழியாகப் போனால் யேல் பல்கலைக்கழகத்தைப் பார்ப்பீர்கள். எலிஹு யேல் நம் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில்தான் 1680-ல் அவருக்குக் கல்யாணம் நடந்தது. இங்கே சம்பாதித்தவர், 1718-ல் அந்தக் கல்லூரிக்கு 9 பொதி சரக்கும் 417 புத்தகங்களும் ஒரு ஓவியமும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுண்டு. அதற்குத்தான் பெயர். இதை நானே காரில் அடிக்கடி சொல்லி அலுக்க வைத்திருக்கிறேன்.

எழுத்தாளர் ஸ்டெய்ன்பெக் தன் நாயோடு பயணம் போய் எழுதிய 'ட்ராவல்ஸ் வித் சார்லி' புத்தகத்தைச் சொல்லவில்லையே என்று யாராவது கேட்பார்கள். நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் அதில் வரும் சந்திப்புகள், உரையாடல்கள் பலவற்றை அப்படியே நம்பக் கூடாது என்று பின்னாளில் பதிப்பாளர் வெளியிட்ட முன்னுரையே சொல்லிவிட்டது. அதற்குப் பதில் வில்லியம் லீஸ்ட் ஹீட்-மூனின் 'ப்ளூ ஹைவேஸ்', 1982. வேலையும் போய் மனைவியும் பிரிந்த நிலையில், பழைய வரைபடத்தில் நீலக் கோடாகக் காட்டிய சின்னச் சாலைகளில் மட்டுமே வேனில் சுற்றுகிறார். சாலையோர உணவகம் நல்லதா என்று கண்டுபிடிக்க அவர் வைத்திருக்கும் வழி, சுவரில் எத்தனை காலண்டர் தொங்குகிறது என்று எண்ணுவது. கூடக் கூடச் சாப்பாடு நன்றாக இருக்குமாம். நாங்கள் சோதித்த வரையில் 'பை' என்ற இனிப்பு விஷயத்தில் சரியாக இருக்கிறது, காபியில் இல்லை.

கார் ஓடும்போது படித்தால் பலருக்குத் தலை சுற்றும். ஊர் நூலக அட்டை இருந்தால் லிப்பி செயலியில் ஒலிநூலாக இலவசமாக எடுக்கலாம். வவல் தன் புத்தகத்தைத் தானே படித்திருக்கிறார், அந்தக் கீச்சுக் குரல் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். மேற்கு டெக்சாஸில் சிக்னல் இருக்காது, கிளம்பும் முன்பே இறக்கிவைத்துவிடுங்கள். லோவன் புத்தகம் மட்டும் அச்சில் இருக்கட்டும், ஊர் பெயரைத் தேடிப் புரட்ட அதுதான் வசதி. 'சார்லட்டன்' புத்தகத்தைப் பின் சீட்டில் சின்னப் பிள்ளைகள் விழித்திருக்கும்போது போடாதீர்கள்; ஆட்டுக்கு என்ன செய்தார்கள் என்று அடுத்த பெட்ரோல் பங்க் வரை கேட்டுக்கொண்டே வருவார்கள்.